ஆளைக் காட்டாமல் மருந்து இல்லை

1

"டீச்சரம்மா, இலைப் பேரு மட்டும் சொல்லுங்க, போதும். நானே பறிச்சுக்கிறேன்."

அஞ்சலை படிக்குக் கீழேயே நின்றுகொண்டு கேட்டாள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு நேராக வந்திருந்தாள். கையிலும் பாவாடையிலும் காய்ந்த பால் ஒட்டியிருந்தது. அவள் மகள் லெச்சுமி எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். நான்கு நாட்களாக அவளைப் பள்ளியில் காணவில்லை.

"எந்த இலை?" என்றேன்.

"மஞ்சக்காமாலைக்கு உங்கம்மா ஊருல மருந்து குடுப்பாங்களாமில்ல? உங்க ஊர்ப் பக்கத்துக்காரம்மா ஒண்ணு சொல்லுச்சு. சுத்துப்பட்டி சனமெல்லாம் உங்க வீட்டு வாசல்லதான் கெடக்குமாம்."

"யாருக்குக் காமாலை?"

"வீட்லதான், ஒருத்தருக்கு. சும்மா லேசா, கண்ணு மட்டும்."

"ஆளைக் கூட்டிக்கிட்டு வா. ஆளைக் காட்டாம மருந்து கெடையாது."

சொன்னது நான்தான். ஆனால் அந்த வாக்கியத்தை அதற்கு முன் என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை. அது என் தாயின் வாக்கியம். குரல்கூட அவளுடையதாகவே இருந்தது.

அஞ்சலைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு இலைக்கு இம்மாம் பெரிய சட்டமா? நீங்களும் ஆஸ்பத்திரிக்காரங்க மாதிரியே பேசுறீங்களே" என்று சொல்லிவிட்டு, தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் நடந்தாள்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சமையற்கட்டில் சோறு அடிப்பிடிக்கும் வாடை வந்தது, போக முடியவில்லை. என் தாய் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு விளங்கியது. பதினோரு வருஷம் கழித்து.

ஊரில் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலாயாவில் தங்கக் காசு மரத்தில் காய்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதில் செய்தி ஒன்றும் இல்லை.

2

எங்கள் ஊர் வேடசந்தூருக்குக் கிழக்கே, பஸ் ரோட்டிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே. கம்பும் கடலையும் விளையும் மேட்டுக்காடு. மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் கூலி. என் தாயை நாங்கள் ஆத்தா என்போம். பள்ளிக்கூடத்தில் மட்டும் நான் "அம்மா" என்று சொல்லிக்கொண்டேன். ஆத்தா என்று சொன்னால் விடுதிப் பெண்கள் சிரித்தார்கள்.

ஆத்தாவுக்கு ஒரு மருந்து தெரியும். காமாலைக்கு மட்டும்தான். சளிக்குத் தூதுவளை, வயிற்றுக்குச் சுக்கு, வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி என்று எல்லா வீட்டிலும் செய்வதை அவளும் செய்வாள். அவற்றை அவள் மருந்து என்றே சொன்னதில்லை. காமாலைக்கு அரைப்பதுதான் மருந்து. அதற்கு நிபந்தனைகள் உண்டு. காசு வாங்கக்கூடாது. உப்பில்லாப் பத்தியம். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் "போயிட்டு வாரேன்" என்று சொல்லக்கூடாது. மூலிகையின் பெயரை வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் மருந்து செத்துவிடும். பறிக்கப் போகும்போது கூடையைத் துணியால் மூடிக்கொண்டு போவாள், மூடிக்கொண்டே வருவாள்.

இன்னொரு நிபந்தனை, நோயாளியே நேரில் வர வேண்டும். நடக்க முடியாதவரை வண்டியில் போட்டாவது கொண்டுவர வேண்டும். "எங்க மாமனாருக்கு, கொஞ்சம் குடுத்து விடுங்க" என்று யார் கேட்டாலும், எவ்வளவு கெஞ்சினாலும், "ஆளைக் காட்டாம மருந்து இல்லப்பு" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

காலையில் வாகை மரத்தடியில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரையும் கிழக்கே பார்த்து நிறுத்தி, கீழிமையைக் கட்டை விரலால் இழுத்துப் பார்ப்பாள். நாக்கு, நகம், உள்ளங்கை. வலது விலாவுக்குக் கீழே அழுத்துவாள். பிறகு ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவாள்.

"நேத்து என்ன வெஞ்சனம் வச்சாக?"

"கத்திரிக்கா."

"ஒங்க ஊருக் கெணத்துல தண்ணி கெடக்கா?"

"கெடக்கு, முட்டளவு."

"எங்கிட்டு வழியா வந்தீக?"

நோய் என்று வந்தவனிடம் கத்திரிக்காய் விசாரிக்கும் தாயை நினைத்து நான் கூசிப்போவேன். பாட நோட்டில் கல்லீரல் படம் வரைந்து பாகம் குறித்தவள் நான். ஒரு நாள் கேட்டேவிட்டேன்: "வைத்தியம் பார்க்கிற இடத்துல வெஞ்சனக் கதை எதுக்கு?"

"நீ படிக்கிற கதையப் படி. நான் கேக்குற கதைய நான் கேக்குறேன்" என்றாள்.

சிலருக்கு மருந்து தரமாட்டாள். "இது எங்கிட்ட ஆகாது. வண்டியக் கட்டுங்க. திண்டுக்கல்லு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போங்க. இப்பவே." வந்தவர்கள் முணுமுணுப்பார்கள்; நடந்து வந்த களைப்பில் திட்டுவதும் உண்டு. மாசமாக இருக்கும் பெண் என்றால் கண்ணைக்கூடப் பார்க்கமாட்டாள். "வண்டியக் கட்டு" என்று எழுந்துவிடுவாள்.

3

எங்கள் வம்சத்தில் முதன்முதலாக ஸ்லேட்டைத் தொட்டவள் நான். அய்யாவுக்குக் கைநாட்டு. ஆத்தாவுக்கு அதுவும் தேவைப்படவில்லை. எட்டாவது வரைக்கும் வேடசந்தூருக்கு நடந்தேன். பிறகு திண்டுக்கல்லில் விடுதியோடு கூடிய ஒரு பெண்கள் பள்ளியில் இடம் கிடைத்தது. என் பெரியப்பா மகள் காளியம்மா எனக்கு ஒரு வயது மூத்தவள். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நான் விடுதிக்குப் போன அதே வருஷம் ஆவணியில் அவளைப் பக்கத்து ஊர் முருகேசனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். முருகேசன் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எனக்கு மச்சான் முறை.

பத்தாம் வகுப்பில் தாவரப் பாடத்துக்கு ஒவ்வொருவரும் செடிகளைப் பறித்து, உலர்த்தி, ஏட்டில் ஒட்டிக் கொண்டுவரச் சொன்னார்கள். விடுதிப் பெண்கள் பள்ளித் தோட்டத்துச் செம்பருத்தியையும் துளசியையும் ஒட்டினார்கள். நான் விடுமுறையில் ஊருக்குப் போய், வரப்பில் உட்கார்ந்து முப்பத்திரண்டு செடிகள் சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பெயர், வளரும் இடம், பயன், பயன்படுத்தும் முறை. முத்து முத்தான எழுத்தில்.

முப்பத்திரண்டாவது, ஆத்தாவின் செடி.

கூடையை எவ்வளவு மூடினாலும் வீட்டில் இருப்பவளுக்குத் தெரியாமல் போகுமா? கீழாநெல்லி. இன்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றும் எங்கள் பக்கத்தில் சிலர் சந்தேகப்பட்டதுண்டு. ஆனால் வேறு ஏதோ சேர்க்கிறாள், அளவு ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். நான் எல்லாவற்றையும் எழுதினேன். வேரோடு எடுக்க வேண்டும், எவ்வளவு அரைக்க வேண்டும், ஆட்டுப்பால் மோரில் கலக்க வேண்டும், எத்தனை காலை கொடுக்க வேண்டும். நோயாளியைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை. அதைச் செய்முறையில் சேர்ந்ததாக நான் நினைக்கவில்லை.

பள்ளிக் கண்காட்சியில் என் ஏட்டுக்கு முதல் பரிசு. ஒரு ஆங்கில அகராதி கொடுத்தார்கள். மேசைக்குப் பின்னால் சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு நின்றேன். மத்தியானம், திண்டுக்கல் சந்தையில் தக்காளி போட்டுவிட்டு, கூடையைத் தலைகீழாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முருகேசன் மச்சான் வந்தார்.

"ஏ கொழுந்தியா, ஒன்னையப் பாத்துட்டு வரச் சொல்லி ஒங்க அக்கா உத்தரவு. என்னத்த ஒட்டி வச்சிருக்க? எங்க வரப்புல மாடு மேயிற புல்லாவுல இருக்கு!"

"புல்லு இல்ல மச்சான். படிச்சுப் பாருங்க."

"எனக்கு என்னா படிப்பு?"

"அஞ்சாப்பு படிச்சிருக்கீகள்ல? சும்மா படிங்க."

விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். கடைசி ஏட்டுக்கு வந்தபோது கொஞ்சம் வேகம் பிடித்திருந்தது. கீ, ழா, நெல், லி. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். காய்ந்த இலையின் அடியில் வரிசையாக இருந்த கடுகளவு காய்களைக் காட்டினேன்.

"இம்புட்டுத்தானா? இதுக்குத்தான் ஒங்க ஆத்தா கூடைய மூடி மூடிக் கொண்டாருதா? எங்க கெணத்து மேட்டுல காடாக் கெடக்கு!"

"மேல படிங்க, மச்சான்."

முழுவதையும் படித்தார். மோர், அளவு, காலை எல்லாம். "பரவாயில்லையே, ஒரு எழுத்து விடாமப் படிச்சிட்டீகளே!" என்று நான் கைதட்டினேன். பக்கத்து மேசைப் பெண்களும் கைதட்டினார்கள். மச்சானுக்குக் காது சிவந்துவிட்டது.

4

அதற்கு அடுத்த வைகாசியில் காளியம்மாவுக்குக் கண் மஞ்சளித்தது. எட்டு மாதம்.

அவள் மாமியார் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவரவில்லை. "எட்டு மாசத்து வயித்தத் தூக்கிக்கிட்டு இந்த வெயில்ல எதுக்குப் போகணும்? செடிதான் நம்ம கெணத்து மேட்டுலயே கெடக்கே. இவனுக்குத்தான் பக்குவம் தெரியுமே" என்றாளாம். மச்சான் பறித்தார். மாமியார் அரைத்தாள். மோரில் கலந்து மூன்று காலை கொடுத்தார்கள். அளவு தப்பவில்லை, நான்தான் தெளிவாக எழுதியிருந்தேனே.

நான்காம் நாள் தற்செயலாக யாரோ சொல்லி ஆத்தாவுக்குத் தெரிந்தது. களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஒரு வார்த்தைதான் சொன்னாளாம். வண்டியைக் கட்டினார்கள். திண்டுக்கல் எல்லையைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது.

நான் கருமாதிக்குத்தான் போனேன். மாசமாக இருக்கும்போது இறந்தவளுக்கு எங்கள் பக்கத்தில் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து ஆறினால், வயிற்றுச் சுமையோடு போனவளின் பாரம் குறையும் என்பது நம்பிக்கை. வேடசந்தூர் போகும் பாதையில் மச்சானே குழி தோண்டி நட்டார். கல்லில் பெயர் வெட்ட வேண்டுமா என்று கல்தச்சர் கேட்டார். மச்சான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஊர் தீர்ப்புச் சொல்ல நேரம் ஆகவில்லை. "பேரை ஏட்டுல எழுதுனா. மருந்து செத்துப்போச்சு." கிணற்றடியில் என் காது படவே பேசினார்கள்.

நான் விடவில்லை. "பேரைச் சொன்னா செடி செத்துப்போகுமா? செடிக்குக் காது இருக்கா? எந்தப் புத்தகத்துல எழுதியிருக்கு?" என்று கத்தினேன். நான் சொன்னது சரி. ஆத்தா அதற்குப் பிறகும் அதே செடியைத்தான் அரைத்தாள், வந்தவர்கள் குணமாகித்தான் போனார்கள். காமாலையில் பெரும்பாலானவை தானாகவே இறங்கிவிடும் என்றுகூடப் பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தேன். மூட நம்பிக்கையை எதிர்த்து நின்றவள் என்ற பெருமையில் என் பங்கை நான் பார்க்கவே இல்லை. ஊர் சொன்ன காரணம் தப்பு என்பதால் நான் தப்பு செய்யவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

ஆத்தா என்னைத் திட்டாமல் கூடையை எடுத்துக்கொண்டு பறிக்கப் போனாள். திட்டியிருந்தால் அவளோடும் வாதாடியிருப்பேன்.

5

ஆசிரியப் பயிற்சி முடித்த வருஷம், மலாயாவில் தோட்டத்துக் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்தவர் லீவில் பெண் தேடி வந்தார். படித்த பெண் வேண்டும் என்றார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். பினாங்கில் ஊருக்குள் விடுமுன் முகாமில் வைத்து ஒரு அதிகாரி எங்களை வரிசையாக நிறுத்தி, கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டே போனார். என் முறை வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் நோயோ என்று என்னை மட்டும் ஒரு மணி நேரம் தனியாக உட்கார வைத்தார்கள். தாயின் நினைவு வந்தது என்பதை எழுத அங்கே கொடுத்த படிவத்தில் கட்டம் இல்லை.

இங்கே படிவங்களுக்குக் குறைவில்லை. அடையாள அட்டைக்கு ஒன்று, ஆசிரியர் பதிவுக்கு ஒன்று, மலாய்ப் பரீட்சைக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் தகப்பன் தொழில், தாய் தொழில் கேட்கிறார்கள். தாய் தொழில் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் பேனா நிற்கும். வீட்டுவேலை என்று எழுதிவிடுவேன்.

என் மகளுக்கு நாலு வயது. பாலைச் 'சூசூ' என்கிறாள். அது இங்கே மலாயில் சரியான சொல். நம் ஊரில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பிள்ளையை எங்கே கூட்டிப்போவார்கள் என்று நினைத்து நான் சிரித்தால், அவளுக்குக் கோபம் வருகிறது. பின்வாசலில் தகர டின்னில் கற்பூரவல்லி வைத்திருக்கிறேன். சளி பிடித்தால் சாறு பிழிந்து தேனில் கொடுக்கிறேன். "இது ஆட்டுக்கு, எனக்கு டிரெசர் மருந்து" என்று வாயை மூடிக்கொள்கிறாள். தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுப்பவரைத்தான் இங்கே டிரெசர் என்கிறார்கள். ஊரைப் பற்றிச் சொன்னால் கேட்பாள், கடைசியில், "அங்க ஐஸ் தண்ணி இருக்கா?" என்பாள்.

வந்த முதல் மாதமே அந்தச் செடியைப் பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடச் சாக்கடை ஓரம், இலைக்கு அடியில் வரிசையாகக் காய்கள். மிதிக்காமல் தாண்டிப் போனேன். ஒரு நாள் பள்ளியைப் பெருக்கும் மலாய்க்கார அம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவர்களும் மருந்துக்கு எடுப்பார்களாம். பெயர் என்ன என்று கேட்டேன். 'டூக்கோங் ஆனாக்' என்றாள். அர்த்தம் கேட்டதும், முதுகில் பிள்ளையைத் தூக்குவதுபோல் கையைப் பின்னால் கட்டிக் காட்டிச் சிரித்தாள். பிள்ளையைச் சுமப்பது. அன்று வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு ஏழாம் வாய்ப்பாடு நடுவே மறந்துபோனது.

வீட்டுக்கு மாதம் ஒரு கடிதம் போடுவேன். ஆத்தாவுக்கு யார் படித்துக் காட்டுகிறார்கள் என்று ஆரம்பத்தில் நான் கேட்கவில்லை. பதில் வந்த கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எழுத்து எழுத்தாகக் கூட்டி எழுதிய கை. முருகேசன் மச்சான் இப்போது வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வருகிறார். தபால்காரரே படித்துக் காட்டுகிறேன் என்றாலும் ஆத்தா கொடுப்பதில்லையாம். "மருமகன் வரட்டும்" என்று கடிதத்தைப் பிரிக்காமல் அரிசிப் பானைமேல் வைத்துவிடுவாளாம். அவர் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அதனால் ஆறு வருஷமாக என் கடிதங்களில் மழை இருக்கும், ரப்பர் விலை இருக்கும், பிள்ளையின் பல் இருக்கும். காளியம்மா இருக்கமாட்டாள்.

6

அஞ்சலை போனபின், அடிப்பிடித்த சோற்றை இறக்கிவைத்துவிட்டு நானே லயத்துக்குப் போனேன். நான் நினைத்தது சரிதான். லெச்சுமி கோணிப்பைமேல் சுருண்டு கிடந்தாள். அஞ்சலை வாசலை மறித்தாள்.

"டிரெசர்கிட்டச் சொல்லிறாதீங்க டீச்சரம்மா. டவுனு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாரு. அங்க தனியாப் போட்டுருவாங்களாம், பெத்தவளக்கூட விடமாட்டாங்களாம். தமிழு பேச நாதி இல்ல. எம்புள்ள பயந்தே செத்துரும்."

பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கீழிமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. எவ்வளவு மஞ்சள் என்றால் கவலை, எவ்வளவு என்றால் பரவாயில்லை, எனக்குத் தெரியவில்லை. ஆத்தா பார்த்தது எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"நேத்து என்ன குழம்பு, லெச்சுமி?"

பிள்ளை என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "ஸ்லேட்டு இன்னும் காயல டீச்சர்" என்றாள்.

வகுப்பில் கேள்வியை நான் முடிக்குமுன் கையைத் தூக்குகிற பிள்ளை அவள். இனி நிற்கக்கூடாது என்று தோன்றியது. ஏன் என்று அப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

"அஞ்சலை, லாரிக்காரரைக் கூப்பிடு. நானும் வாரேன். பேச்சுக்கு நான் இருக்கேன்."

"இலை?"

"இலை அப்புறம். இப்ப லாரி."

அவள் அழுதாள், என்னைச் சபித்தாள், பிறகு ஓடினாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் மலாயில் ஒரு படிவம் நீட்டினார்கள். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் ஆசிரியர் என்று எழுதினேன். அது உறவு இல்லை என்று குமாஸ்தா அடித்தார். பரீட்சைக்குப் படித்த மலாயை நான் பேசப் பேச, அங்கிருந்த தாதி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ராஜசபையில் மனுக் கொடுப்பதுபோல் பேசினேனாம். 'மாத்தா கூனிங்' என்றேன், கண் மஞ்சள் என்று. அதுமட்டும் உடனே புரிந்தது. உள்ளே கொண்டுபோனார்கள்.

முதல் மூன்று நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். ஏழாம் நாள் நானும் அஞ்சலையும் போனபோது லெச்சுமி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "டீச்சர், நீங்க அன்னைக்கு எங்க மாதாவைக் கூனின்னு சொன்னீங்க. எங்கம்மா நிமிந்துதான் நடக்குது" என்றாள். அஞ்சலை சிரிப்பும் அழுகையுமாக அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

திரும்பும் வழியில் லாரியில் நான் காளியம்மாவை நினைத்தேன். பிள்ளையை நான் போய்ப் பார்த்தேன், அதுதான் நடந்தது. இலைப் பெயரைச் சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டேன். அஞ்சலை சாக்கடை ஓரத்திலேயே பறித்திருப்பாள். பெயரை மறைத்து ஆத்தா காப்பாற்றியது மருந்தை அல்ல. பெயர் தெரியாததால்தான் ஆட்கள் அவள் கண் முன்னால் வந்து நின்றார்கள். அந்த நிபந்தனைக்கு அவளிடம் வார்த்தையில் விளக்கம் இருந்ததா என்று தெரியாது. பெயர் ஊருக்குத் தெரிந்தவுடன், வெயிலில் பக்கத்து ஊரிலிருந்து நடந்து வந்து கண்ணைக் காட்ட வேண்டிய அவசியம் ஒருத்திக்கு இல்லாமல் போயிற்று. அந்த அவசியத்தை நீக்கியவள் நான். முத்து முத்தான எழுத்தில்.

7

லெச்சுமி வீடு திரும்பிய வாரத்திலிருந்து, பள்ளி மணி அடிக்குமுன் என் வீட்டுப் படியில் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். "சும்மா பாத்துச் சொல்லுங்க டீச்சரம்மா, டிரெசர்கிட்டப் போகணுமா வேணாமா?" இலையை யாரும் கேட்கவில்லை. என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "கிராணி வீட்டுல கிளினிக் நடக்குதுன்னு துரைக்குத் தெரிஞ்சா என் சீட்டைக் கிழிச்சுருவான்" என்றார். வந்தவர்களை எல்லாம் டிரெசரிடமே அனுப்பினேன். ஆனால் தினமும் ஐந்து பேரை அனுப்பினால், ஒரு நாள் அவசரமான ஆறாவது ஆளையும் சாதாரணமாகத்தான் அனுப்பிவிடுவேன். எனக்கு ஆத்தாவின் கண் வேண்டும்.

அதைக் கடிதத்தில்தான் கேட்க முடியும். கடிதத்தை மச்சான்தான் படிப்பார்.

மூன்று நாள் யோசித்தேன். எதையெதைப் பார்ப்பாய் என்று மட்டும் கேட்டுவிட்டுக் காளியம்மாவை விட்டுவிடலாம். ஆறு வருஷமாக அப்படித்தானே எழுதினேன். ஆனால் அந்தக் கேள்வியைப் படித்தவுடனேயே, ஆத்தாவிடம் காட்டியிருந்தால் அக்கா பிழைத்திருக்கலாம் என்பது மச்சானுக்கு விளங்கிவிடும். அவர் தனியாக விளங்கிக்கொள்ள வேண்டாம் என்று தோன்றியது. நீலத் தாளை எடுத்து இப்படி எழுதினேன்:

"ஆத்தா, இதை மச்சான் படித்துக் காட்டுவார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உன் மருந்தை ஏட்டில் எழுதி வைத்தது நான். மச்சான் படித்தார் என்றால், படிக்க வைத்துக் கைதட்டியது நான். பேரைச் சொன்னதால் மருந்து செத்தது என்று ஊர் சொன்னதை இன்றும் நான் ஒப்பவில்லை. ஆனால் பேர் தெரிந்ததால்தான் அக்காவை உன்னிடம் கூட்டிவரவில்லை. நீ பார்த்திருந்தால் முதல் நாளே வண்டி கட்டச் சொல்லியிருப்பாய். இது எனக்கு இப்போதுதான் உறைத்தது. மச்சான்மேல் குற்றம் இல்லை. அவர் எழுத்தைப் படித்தார். எழுதாமல் விட்டது நான். இங்கே என்னிடம் ஆட்கள் வந்து கண்ணைக் காட்டுகிறார்கள். நீ எதைப் பார்த்து வண்டி கட்டச் சொல்வாய் என்று ஒவ்வொன்றாகச் சொல். அவர் எழுதட்டும்."

அன்றைக்கே தபாலில் போட்டேன்.

8

ஆறாவது வாரம் பதில் வந்தது. அதே கை.

"அன்புள்ள மகளுக்கு. இங்கு யாவரும் நலம். பங்குனியில் ஒரு மழை. அய்யாவுக்கு இருமல் தேவலை. நீ எழுதியதை மருமகன் ரெண்டு தரம் வாசித்தார். நீ கேட்டது.

ஒண்ணு. கண்ணைக் காலை வெயிலில் பார். விளக்கில் பார்க்காதே. உள்ளங்கைக் கோடும் மஞ்சளாக இருந்தால் அனுப்பிவிடு.

ரெண்டு. சாப்பிட்டது தங்காமல் ரெண்டு நாள் வாந்தி என்றால் அனுப்பிவிடு.

மூணு. வெஞ்சனம் கேள். வந்த வழி கேள். நேராகப் பதில் சொன்னால் பயமில்லை. தடுமாறினால், கேட்டதுக்கு வேறு பதில் சொன்னால், நோய் தலைக்கு ஏறுகிறது. ஒரு நாழிகை நிறுத்தாதே. நீ அதைக் கதை என்பாய்.

நாலு. உடம்பில் ஊதா ஊதாவாகக் கன்றினால், பல்லில் ரத்தம் வந்தால் அனுப்பிவிடு.

இம்புட்டுத்தான். பிள்ளைக்குக் கற்பூரவல்லியை அப்படியே கொடுக்காதே, வதக்கிப் பிழி. மறு கடிதம் போடு."

அவ்வளவுதான் கடிதம். அக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்றாவதைப் படித்தபோது லெச்சுமியின் ஈர ஸ்லேட்டு நினைவுக்கு வந்து கொஞ்ச நேரம் தாளைக் கீழே வைத்தேன். பிறகு மறுபடி எடுத்து, எண்ணிப் பார்த்தேன். நாலு.

ஐந்தாவது இல்லை.

மாசமாக இருப்பவளைப் பற்றி ஆத்தா எல்லாவற்றுக்கும் முதலில் சொல்வாள். விடுதிக்குப் போகும்வரை அவள் பக்கத்தில் இருந்து கேட்டவள் நான். மறக்கக்கூடியவள் அல்ல அவள். மச்சான் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் சொல்லி, அவர் பேனா எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதத் தெரியாதவள் எழுதியதைச் சரிபார்க்க முடியாது. அவர்கள் இருவரில் யார் என்று நான் எந்தக் கடிதத்திலும் கேட்கப்போவதில்லை.

தாளின் அடியில் இரண்டு விரற்கடை இடம் வெறுமையாக இருந்தது. நாளைக் காலை படியில் யார் வந்து உட்கார்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? பேனாவை எடுத்து, மச்சானின் எழுத்துக்குக் கீழே, என் கையால் எழுதினேன்:

"ஐந்து. மாசமாக இருப்பவள் என்றால் எதையும் பார்த்துக்கொண்டு நிற்காதே. வண்டியைக் கட்டு."